மேப்புல இருக்குற ரோடு

“வெயிட் பண்ணுடா. ஜனவரியில புது கார்டு வருது.”

2025 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, தேவாரத்துல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து இதைச் சொன்னது நான்தான். கேட்டுக்கிட்டிருந்தது எதிர்வீட்டுத் தம்பி. காலேஜ்ல முதல் வருஷம் விஸ்காம் படிக்கிறான். போடியில ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் குடுப்பான். சொந்தமா சிஸ்டம் கிடையாது. ஸ்டுடியோ சிஸ்டம் ராத்திரி எட்டு மணிக்கு மேல சும்மா இருந்தா இவனுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். கடைசி பஸ்ஸை விட்டுட்டு அங்கேயே படுத்துட்டு வந்த நாளெல்லாம் உண்டு.

அவங்க அம்மாவை நான் சித்தின்னுதான் கூப்பிடுவேன். ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போறவங்க. விடியுறதுக்கு முன்னாடியே ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். அந்த வேலையில வந்த காசுல போட்ட ஏலச்சீட்டு, ஆகஸ்ட்ல கைக்கு வந்தது 80,000 ரூபாய். தம்பி ஒரு நோட்டுப் பேப்பர்ல லிஸ்ட் எழுதிட்டு வந்து காட்டினான். எடிட்டிங்கும் ஓடணும், ராத்திரி கொஞ்சம் வேலரன்ட்டும் ஓடணும். ரைசன் 5 7600, 17,000. மதர்போர்டு 10,500. 32 ஜிபி டிடிஆர்5 ரேம் 9,500. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 27,500. ஒரு டிபி எஸ்எஸ்டி 5,500. பவர் சப்ளை 5,000. கேபினெட் 3,500. மொத்தம் 78,500. மானிட்டர் பழசு ஒண்ணு இருந்தது.

நல்ல லிஸ்ட். அதுல திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா எங்க தெருவுல “கம்ப்யூட்டர் தெரிஞ்ச அண்ணன்”னு எனக்கு ஒரு பேர் இருக்கே. ஏதாவது சொல்லணுமே! “5060-ல 8 ஜிபிதான்டா மெமரி. ஜனவரியில சிஇஎஸ் ஷோ. 50 சூப்பர் வருதுன்னு லீக் ஆகியிருக்கு. அது வந்தா கீழ இருக்குறதெல்லாம் விலை இறங்கும். இதே காசுக்கு 5060 டிஐ 16 ஜிபியே வாங்கலாம்”னு சொன்னேன். தம்பி பேப்பரை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டான். “சரிண்ணே, நீங்க சொன்னா சரி.”

இதைப் படிக்கிற நீங்களும் இந்த மாதிரி ஒருத்தருக்கு அண்ணனா இருக்கலாம். இல்லேன்னா அந்தத் தம்பியா இருக்கலாம். நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல நடக்குற பேச்சுல பாதி “அடுத்தது என்ன வருது”தான். ஜென் 6 வருது, நோவா லேக் வருது, இப்ப வாங்குறவன் முட்டாள். நானும் அந்தக் கூட்டத்துல முன்வரிசை ஆள். அதனாலதான் இந்தக் கதையை உங்ககிட்ட சொல்றேன்.

சிப் கம்பெனிகள் வருஷாவருஷம் மேடையில ஒரு படம் போட்டுக் காட்டுவாங்க. இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது, அதுக்கடுத்து இன்னொண்ணுன்னு கட்டம் கட்டமா இருக்கும். அதுக்குப் பேர் ரோடுமேப். தேவாரத்துக்காரன் அந்த வார்த்தையைக் கேட்டாலே உஷாராகியிருக்கணும். எங்க ஊருக்கு நேர் மேல சாக்கலூத்து மெட்டு. அந்த வழியா ரோடு போட்டா கேரளா ஏலத்தோட்டங்களுக்குச் சுருக்கா ஏறிடலாம். அது வேணும்னு எங்க தாத்தா காலத்துலேருந்து கேக்குறாங்க. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த ரோடு பேச்சுல வந்துட்டுப் போகும். சித்தி ஏறுற ஜீப் இன்னிக்கும் போடிமெட்டையோ கம்பமெட்டையோ சுத்திக்கிட்டுதான் போகுது. பக்கத்துல பொட்டிப்புரம். அங்க மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. 2022-ல தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்லயே முடியாதுன்னு சொல்லிருச்சு. (அது வராததுல எங்க பக்கம் நிறையப் பேருக்குச் சந்தோஷம்தான், அது வேற கதை.) அறிவிப்புக்கும் வந்து சேர்றதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். அப்படிப்பட்டவன் ஒரு யூடியூப் லீக்கை நம்பி ஒருத்தனை நாலு மாசம் உக்கார வச்சேன்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிடறேன். “காத்திருந்தா நல்லது கிடைக்கும்”ங்கிறது ஒரு காலத்துல உண்மை. 2014 செப்டம்பர்ல ஜிடிஎக்ஸ் 980 வந்தப்போ அதோட விலை 549 டாலர். 2016 ஜூலையில ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி மெமரியோட 249 டாலருக்கு வந்து கிட்டத்தட்ட அதே வேகத்தைக் குடுத்தது. ரெண்டு வருஷம் பொறுத்தவனுக்குப் பாதிக்கும் குறைஞ்ச விலை! எனக்கு இந்த வியாதியைக் குடுத்த சீனியர்கள் எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள். அவங்க சொன்னது தப்பில்ல. அந்தக் கணக்கு இப்பவும் ஓடுதுன்னு நான் நம்பினதுதான் தப்பு.

2016-லயே ரேடியான் ஆர்எக்ஸ் 480, 8 ஜிபி மெமரியோட 239 டாலருக்கு வந்துச்சு. 2023 ஜூன்ல ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 299 டாலர். 2025 மே மாசம் ஆர்டிஎக்ஸ் 5060, மறுபடியும் 8 ஜிபி, மறுபடியும் 299 டாலர். மெமரி வேகமாச்சு, டிஎல்எஸ்எஸ் நல்லாச்சு, ஃபிரேம் ஜெனரேஷன் வந்துச்சு, எல்லாம் சரி. ஆனா மெமரியோட அளவு ஒன்பது வருஷமா அதே இடத்துல நிக்குது. நடுவுல 3060-ன்னு ஒரு கார்டு 12 ஜிபியோட வந்தது, அடுத்த தலைமுறையில அதையும் குறைச்சுட்டாங்க.

ஏன் இப்படி? என்விடியாவோட 2025 நிதியாண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்க. மொத்த வருமானம் 130.5 பில்லியன் டாலர். அதுல டேட்டா சென்டர் மட்டும் 115.2 பில்லியன். கேமிங் 11.4 பில்லியன், நூத்துக்கு ஒன்பதுகூட இல்ல. ஒரு காலத்துல நம்மளை வச்சு வளர்ந்த கம்பெனி அது. இன்னிக்கு நாம அதோட கடையில ஓரமா நின்னு சில்லறைக்கு வாங்குற ஆட்கள். மொத்த வியாபாரி லாரியோட வந்து நிக்கும்போது கடைக்காரர் யாரை முதல்ல கவனிப்பார்னு போடி மார்க்கெட்ல வளர்ந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

நான் கோட்டை விட்டது கார்டை மட்டும் பார்த்ததுல. ரேமை நான் கவனிக்கவே இல்ல. ரேமெல்லாம் புளி, மிளகாய் மாதிரி எப்பவும் கிடைக்குற சாமான்னு நினைச்சிருந்தேன். உலகத்துல விக்குற டிரேம் மெமரியில பெரும்பங்கு மூணே கம்பெனி: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சிப்புக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கிற ஹெச்பிஎம் மெமரியைச் செய்றதும் இதே மூணு பேர்தான். அதே அளவு ஜிபிக்கு ஹெச்பிஎம், டிடிஆர்5-ஐ விட கிட்டத்தட்ட மூணு மடங்கு வேஃபரைத் தின்னும். ஏஐ கம்பெனிகள் முன்பணம் குடுத்து மொத்தமா புக் பண்ணினா, நம்ம ரேமுக்கு மிஞ்சுற வேஃபர் எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. 2025 அக்டோபர்லேருந்து விலை ஏற ஆரம்பிச்சது. டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், நாம கடையில வாங்குற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போறதா அறிவிச்சது. கிட்டத்தட்ட முப்பது வருஷப் பிராண்டு. குஜராத் சாணந்த்ல அதே மைக்ரானோட ஆலை இருக்கே, நமக்கு விலை குறையாதான்னு ஒருத்தன் மெஸ்ல கேட்டான். அது சிப்பை அடைச்சு, சோதிக்கிற ஆலை. வேஃபர் வெளிநாட்டுலேருந்துதான் வரணும்.

இங்க தேவாரத்துல என்ன நடந்தது? அக்டோபர்ல தம்பி ஒரு தடவை, “அண்ணே, ரேம் 14,000 காட்டுதுண்ணே”ன்னான். “தீபாவளி டிமாண்டுடா, இறங்கிரும்”னேன். ஐப்பசி மழையில அவங்க வீட்டுப் பின்பக்க ஓடு ஒழுகிச்சு. சீட்டுப் பணத்துலேருந்து 6,000 எடுத்தாங்க. கார்த்திகையில ஸ்டுடியோக்காரர், “சிஸ்டம் இருந்தா தை முகூர்த்தம் முழுக்க உனக்கே தரேன், இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும்”னு சொல்லிட்டார். இதை தம்பி என்கிட்ட சொல்லவே இல்ல. நான் லீவுக்கு வந்தப்போ சித்திதான் கேட்டாங்க, வாசல்ல கோலப்பொடி டப்பாவை வச்சுக்கிட்டு.

“ஏப்பா, சீட்டுப் பணம் பொட்டில சும்மாதான் கெடக்கு. நீ சொன்ன அந்தச் சாமான் இன்னும் வரலையா?”

“ஜனவரியில வந்துரும் சித்தி.”

“கப்பல்லயா வருது?”

கிண்டலா கேக்கல. நெசமாவே கப்பல்ல வருதுன்னு நினைச்சுதான் கேட்டாங்க.

ஜனவரி வந்தது. 2026 சிஇஎஸ் மேடையில என்விடியா ஒரு புது கேமிங் கார்டுகூட அறிவிக்கல. டிஎல்எஸ்எஸ் 4.5-ங்கிற சாஃப்ட்வேர் மட்டும்தான். ஏஎம்டி ரைசன் 7 9850எக்ஸ்3டி-ன்னு ஒண்ணு அறிவிச்சாங்க. ஏற்கெனவே இருந்த 9800எக்ஸ்3டி-ஐ இன்னும் கொஞ்சம் முறுக்கி விட்டது. இன்டெல்லோட பேந்தர் லேக் லேப்டாப்புக்கு. அன்னிக்கு ராத்திரி தம்பியோட பழைய பேப்பரை எடுத்து விலையைத் திருத்தி எழுதினேன். ரேம் 34,000. எஸ்எஸ்டி 9,500. மத்ததையெல்லாம் தொடாமலே மொத்தம் 1,07,000. கையில இருந்தது 74,000. தை முகூர்த்தம் வேற ஒரு பையனுக்குப் போயிருச்சு.

அவன் ஒரு வார்த்தை கோபமா பேசல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. “பரவால்லண்ணே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்”னான். எனக்குத் தெரியாதுதான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேனே, அதுக்கு என்ன பண்ண?

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து, இனிமே வர்றதை விட்டுட்டு, இப்ப இருக்குறதைப் பார்த்தோம். டிடிஆர்5 வேண்டாம்னா ஏஎம்4. 2017-ல ரைசனோட வந்த சாக்கெட் அது. 2022-ல 5800எக்ஸ்3டி வரைக்கும் அதே சாக்கெட்ல வந்துச்சு. 2018-ல பி450 போர்டு வாங்கினவன் பயோஸ் அப்டேட் மட்டும் போட்டு அதை மாட்டலாம். ரோடுமேப்புல சொன்னபடி நிஜமாவே ரோடு போட்ட அபூர்வமான கேஸ் அது. என்னோட சிஸ்டமும் ஏஎம்4தான், ரைசன் 5 5600, ரெண்டு 16 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். அதுல ஒண்ணைக் கழட்டி அவன்கிட்ட குடுத்தேன். டிடிஆர்4-உம் அதுக்குள்ள ஏறியிருந்தது, கடையில வாங்குற மாதிரி இல்ல.

அவனுக்கும் அதே 5600 ப்ராசஸர், புதுசு, 10,500. மதுரையில செகண்ட் ஹேண்ட் பி550 போர்டு 6,000. பி450 இன்னும் மலிவாக் கிடைச்சது, வேணாம்னேன். காரணம் இருக்கு, நீங்களும் குறிச்சு வச்சுக்கோங்க. 5060 கார்டு 16 லேன் சாக்கெட்ல உக்காந்தாலும் 8 லேன்தான் பயன்படுத்தும். பி450-ல அது பிசிஐஇ 3.0 வேகம். 8 ஜிபி மெமரி நிரம்பி வழிஞ்சா, மிச்சம் அந்தக் குறுகலான வழியாதான் சிஸ்டம் ரேமுக்குப் போய் வரணும். கேம் இழுத்து இழுத்து ஓடும். பி550-ல 4.0, வழி ரெண்டு மடங்கு அகலம். கார்டு இப்ப 29,000. எஸ்எஸ்டி பாதி அளவுதான் வாங்கினோம், 5,500. பவர் சப்ளையும் கேபினெட்டும் பழைய விலையே. யுபிஎஸ் ஒண்ணு 5,500. மொத்தம் 65,000. மிச்சம் 9,000 சித்தி கையில திரும்பக் குடுத்தாச்சு.

யுபிஎஸ் எதுக்குன்னு சென்னைப் பசங்க கேக்கலாம். காத்து காலத்துல எங்க ஊர்ல கரண்டு போறதும் வர்றதும் கண் சிமிட்டுற மாதிரி. ரெண்டு மணி நேர ரெண்டர் 98 சதவீதத்துல இருக்கும்போது ஒரு சிமிட்டல் போதும். அதனால கிராமத்துல சிஸ்டம் கட்டுறவங்க கார்டோட வேகத்தைப் பாக்குறப்போ வாட்டையும் பாருங்க. 5060-க்கு 145 வாட். 5600-க்கு 65 வாட் டிடிபி. ஒரு சாதாரண 1 கேவிஏ யுபிஎஸ் தாராளமா தாங்கும். 5090-க்குக் கார்டு மட்டுமே 575 வாட், கேம் ஓடுற நேரம் முழுக்க ஒரு மிக்ஸியை நிறுத்தாம ஓட்டுற மாதிரி. வாரண்டியும் அப்படித்தான். எங்க பின்கோடுக்குச் சில கூரியர்காரங்க வர மாட்டாங்க, “உத்தமபாளையம் வந்து வாங்கிக்கோங்க”ம்பாங்க. கெட்டுப்போனா பார்சல் கட்டி சென்னைக்கு அனுப்பணும். இதையெல்லாம் எந்த பெஞ்ச்மார்க் வீடியோலயும் போட மாட்டாங்க.

இப்ப நீங்க என்னைக் கேப்பீங்க: அப்போ வரப்போறதைப் பத்திப் பேசவே கூடாதா? பேசலாம், நானே பேசுவேன். ஏஎம்டி தன்னோட ஜென் 6 சர்வர் சிப்பை டிஎஸ்எம்சி-யோட 2 நானோமீட்டர்ல செய்யுது. இன்டெல் நோவா லேக்கை 2026 கடைசியில்னு சொல்லியிருக்கு. எனக்கு இதுல உண்மையாவே பிடிச்ச விஷயம் எக்ஸ்3டி சிப்புகள்தான். சாதாரண எட்டு கோர் ரைசன்ல 32 எம்பி எல்3 கேஷ். அதோட இன்னொரு 64 எம்பி அடுக்கி 96 ஆக்கினாங்க. கோர் அதேதான், கேம் மட்டும் பறக்குது. ஏன்னா கேம் கேக்குற டேட்டா தூரத்துல ரேம்ல இல்லாம கைக்கெட்டுற இடத்துல இருக்கு. அவசரத்துக்கு ஏலக்காய் வேணும்னா போடி வரைக்கும் போகாம அடுப்பங்கரை டப்பாவைத் திறக்குற மாதிரி. ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்குற நேரத்துல இன்னொரு லாபமும் உண்டு. கேஷ் பெருசா இருந்தா ரேம் வேகத்தைப் பத்தி அவ்வளவா கவலைப்பட வேண்டாம், மலிவான ரேமே போதும்.

ஆனா ஒருத்தன் காசோட வந்து நின்னா நான் இப்ப மூணு கேள்விதான் கேக்குறேன். இது இல்லாம உனக்கு இப்ப எது நின்னுபோயிருக்கு? வரப்போறதுக்குத் தேதியும் விலையும் கம்பெனியே சொல்லியிருக்கா, இல்ல எவனோ லீக் பண்ணினானா? இப்ப வாங்கினா பின்னாடி அதே போர்டுல மாத்திக்க முடியுமா? ஏஎம்5 சாக்கெட்டை 2027-லயும் அதுக்கப்புறமும் ஆதரிப்போம்னு ஏஎம்டி வெளிப்படையா சொல்லியிருக்கு. அப்படின்னா டிடிஆர்5 வாங்க வசதி இருக்குறவன் ஜென் 6-க்காக இன்னிக்கு உக்காந்திருக்க வேண்டியதில்ல. கேம் மட்டும்தான், கையில இருக்குறது ஓடுது, எதுவும் நிக்கலன்னா தாராளமா காத்திருக்கலாம். காத்திருப்புல நஷ்டம் யாருக்குன்னு பாருங்க. எனக்கு அந்த நாலு மாசத்துல ஒரு நஷ்டமும் இல்ல. ஹாஸ்டல்ல என் சிஸ்டம் ஜம்முன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

இப்ப ரெண்டு பேருக்கும் ஒத்தை ஸ்டிக், சிங்கிள் சேனல். பேண்ட்விட்த் பாதி. எனக்கு வேலரன்ட்ல ஃபிரேம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இறங்கிப்போச்சு. அவனுக்கு 4கே டைம்லைன் ஓட்டினா கொஞ்சம் திணறுது, ப்ராக்ஸி போட்டு ஓட்டுறான். மாசி முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம் கிடைச்சது. ராத்திரி எல்லாம் அவன் ரூம்ல ஃபேன் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும். விடிகாலையில ஜீப் ஹாரன் அடிக்கிறப்போதான் சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு சித்திக்குத் தூக்குவாளி எடுத்துக் குடுப்பானாம்.

போன வாரம் போன் பண்ணினான். ரெண்டாவது கல்யாணத்துக்குக் காசு வந்துருச்சாம். “அண்ணே, உங்க ரேம் ஸ்டிக்கைத் திருப்பித் தந்துரவா, இல்ல நான் ஒண்ணு வாங்கித் தரவா? இப்ப விலை என்னண்ணே?”

“இருடா, கொஞ்சம் வெயிட்…”னு ஆரம்பிச்சேன்.

அந்தப் பக்கம் அவன் சிரிச்சுட்டான்.